புறக்கணித்த அசனம்

அருமைநாயகம் கொலை வழக்கில் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள் தூத்துக்குடியில் இரண்டே பேர். ஒருவர் நீதிபதி. இன்னொருத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஷீஜா.

மற்ற எல்லாரும் சொல்லியாகிவிட்டது. துறைமுக ரோட்டில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மீன் ஏலக்கூடத்தில் ஒரு ஏலம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சொல்லிவிட்டார்கள். ‘உப்புக்காத்து டிவி’ என்ற யூடியூப் சேனலில் பாலகணேஷ் என்பவன் நாலு பேரை நாலு கட்டத்துக்குள் உட்கார வைத்துத் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தீர்ப்பு வாங்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள் தீர்ப்பை மறுநாள் மாற்றிக்கொள்ளவும் அங்கே வசதி உண்டு.

விஷயம் இதுதான். ஒன்பது மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்கால் வாக்கில், சங்கு வியாபாரி அருமைநாயகம் துறைமுகத்துக்குப் பின்னால் உப்பளப் பாதையில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். அவருடைய குடோனில் சங்கு கழுவிக்கொண்டிருந்த பிரைட்டன் என்ற இருபத்திரண்டு வயசுப் பையனைப் போலீஸ் பிடித்தது. அவனை அவர் வேலையை விட்டு நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. நிறுத்திய அன்றைக்கு, “ஒம்ம பாத்துக்கிடுதேன்வே” என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறான். ஊரில் இதைத் தன் முதலாளியிடம் சொல்லாதவன் யாருமில்லை. என்ன, மற்றவர்களுடைய முதலாளிகள் அடுத்த மாதம் சாகவில்லை.

ஷீஜா டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடம் ராஜதுரை அண்ணாச்சியின் டீக்கடை வாசல். அரசு தரப்பு ஆதாரங்களை அங்கே தினமும் பிரித்து, உதறி, வெயிலில் காயப் போட்டார்கள்.

“உப்பளத்து வாய்க்கால்ல மூணு நாள் கெடந்து எடுத்த கத்தியாம். போட்டோவப் பாத்தேரா? எங்க வீட்டு மொகம் பாக்க கண்ணாடி அப்படி மின்னாது. நான் முப்பது வருசம் உப்பளத்துல கெடந்தவன் வே. ஒரு ராத்திரி மம்பட்டிய மறந்து போட்டுட்டு வந்தா விடியதுக்குள்ள துரு தின்னுரும்.”

“ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கும் அண்ணாச்சி.”

“கொல பண்ணப் போறவன் ஸ்டெயின்லெஸ் பாத்தாலே வாங்குவான்?”

“கேமரால பைக்கு போறது விழுந்திருக்குல்லா.”

“பைக்கு விழுந்திருக்கு. ஓட்டுதவன் ஹெல்மெட் போட்டிருக்கான். தூத்துக்குடில உப்பளத்துப் பாதையில ஒருத்தன் ஹெல்மெட் போட்டுப் போனா அவன ஊரே நின்னு பாத்திருக்குமே. கேமரா எதுக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே மாதிரி நிறுத்தினார்கள்.

“எல்லாம் ஓட்டதான். ஆனா ஹெட்மாஸ்டர் பாத்தேன்னு சொல்லுதாரே.”

“அங்கனதான் கேஸு நிக்கி. அந்த மனுசன் வாயில பொய் வருமா?”

ராஜதுரை அண்ணாச்சி அப்போதுதான் ஷீஜாவைக் கவனித்தார். “ஏளா பாப்பா, நீ தேவபிரசாதம் சார் மகதான? எங்க பயல அவருதான் பத்தாங்கிளாஸ் தேத்தி விட்டாரு. அப்பாட்ட சொல்லு, அவர நம்பித்தான் கோர்ட்டே இருக்குன்னு.”

ஷீஜா தலையாட்டினாள். பஸ் வந்ததும் ஏறினாள். அது அவள் வீட்டுப் பக்கம் போகிற பஸ் இல்லை என்பது இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் தெரிந்தது.

வழக்கு முழுவதும் அவள் அப்பாவின் தோளில் நின்றது. அப்பா எதன்மேல் நிற்கிறார் என்பது ஷீஜாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் வருசத்துக்கு ஒரு நாள் அசனம். காணிக்கையாக வந்த ஆடுகளை அறுத்து, மூட்டை மூட்டையாக அரிசி போட்டு, சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகைச் சாப்பாடு. அமெரிக்காவில் இருக்கிறவன்கூட அதற்கு லீவு போட்டு வருவான். போன வருசம் அசனத்துக்கு ஒரு மாதம் முன்னால் சபைக் கமிட்டித் தேர்தல் நடந்தது. தேவபிரசாதம் சாரின் அணி பதினோரு ஓட்டில் தோற்றது. ஓட்டு எண்ணியதில் மோசடி என்று அவர் அறிக்கை விட்டார். முப்பத்திரண்டு வருசம் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்பதால் அறிக்கை நன்றாக இருந்தது. “வெற்றி பெற்றதாகச் சொல்லிக்கொள்வோர் நடத்தும் அசனத்தில் நம் அணியினர் ஒரு பருக்கையும் தொடமாட்டார்கள்” என்பது கடைசி வரி.

அவருடைய மனைவி ஜெயஷீலா பெண்கள் சங்கத்தில் இருக்கிறாள். நாற்பது வீடு ஏறி இறங்கி, நாற்பது வீட்டிலும் அன்றைக்கு மீன் வாங்க வைத்தாள். எதிர் அணியில் இருந்த அற்புதமணியோடு பேச்சையும் நிறுத்தினாள். அற்புதமணி இரண்டு வீடு தள்ளி இருப்பவள், இருபது வருசச் சிநேகிதி, பிரைட்டனின் அம்மா.

அசன நாள் வந்தது. காற்று, கட்சி பார்க்காமல், மண்டபத்துக் கறிக்குழம்பு வாசத்தை எல்லார் வீட்டுக்கும் கொண்டுவந்தது. ஒரு மணிக்கு அப்பா, “ஷீஜா, லைப்ரரி வரைக்கும் போயிட்டு வருவோம் வா” என்றார். ஞாயிற்றுக்கிழமை லைப்ரரி உண்டா என்று கேட்கிற வயசு அவளுக்கு இருந்தது. கேட்கவில்லை. அவளுக்கும் பசித்தது.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு விறகுக் கொட்டகை. பரிமாறிக்கொண்டிருந்த பிரைட்டன் வாளியோடு வெளியே வந்தவன், கொட்டகை ஓரமாக நின்ற பழைய ஹெட்மாஸ்டரைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு இலை கொண்டுவந்து விறகுக் கட்டை மேல் விரித்தான். ஒன்றரையிலிருந்து இரண்டேகால் வரை அவன் பந்திப் பக்கமே போகவில்லை. “மெதுவா சாப்பிடுங்க சார், இங்கன யாரும் வர மாட்டாங்க” என்று வாசலை மறைத்துக்கொண்டு நின்றான். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அருமைநாயகத்தை யாரோ குத்தினார்கள்.

விசாரணையில் பிரைட்டன் உள்ளதைச் சொன்னான், பெண்பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டாம் என்று ஷீஜாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. எதிர் அணிக்காரர்களைக் கேட்டார்கள். அவர்களும் உள்ளதைத்தான் சொன்னார்கள்: “காலைலேர்ந்து நின்னான். ஆனா ஒன்றரைக்குப் பெறகு கொஞ்ச நேரம் பந்தில ஆளக் காணல.” ஆகவே இன்ஸ்பெக்டர் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவரும் பழைய மாணவர்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அணியின் செயலாளர் பெர்சி இன்னும் இரண்டு பேரோடு வந்து கூடத்தில் இருந்தார். ஜெயஷீலா காப்பித் தட்டோடு நின்றாள். கதவுக்குப் பின்னால் ஷீஜா.

“சார், தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அந்தப் பய, சம்பவ நேரத்துல ஒங்களுக்கு அசனச் சோறு போட்டுட்டு இருந்தேன்னு சொல்லுதான்.”

கூடத்தில் இருந்த ஐந்து பேரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்கள்.

“எனக்கா? அசனமா?” என்றார் அப்பா. “நான் அன்னைக்கு துறைமுக ரோட்டு பஸ் ஸ்டாப்புல நின்னேன்.”

எந்த ரோடு வாயில் வந்ததோ அதைச் சொன்னார். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது.

“அங்கனதான் சார் அவன் பைக்ல போயிருக்கணும். ஒன்றரைக்கு நின்னீங்கன்னா பாத்திருப்பீங்களே?”

“போயிருந்தா பாத்திருப்பேன்.”

“போயிருக்கான் சார்.”

“அப்ப பாத்திருப்பேன்.”

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். தன் மாணவன் எழுதுவதை ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து ஒரு சந்திப்பிழையைத் திருத்தினார். வேறு பிழை எதையும் திருத்தவில்லை. அடுத்த மாதம் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்தும் அதையே சொன்னார். அதற்குள் அவருக்கே கொஞ்சம் ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது. பைக்கின் நிறம் கறுப்பு என்று கேட்காமலேயே சொன்னார்.

அற்புதமணி சபை வாசலில் நின்று கத்திப் பார்த்தாள். “எம்புள்ள சோறு போட்டான், ஒங்க தலைவரு தின்னாரு. அவர வந்து சொல்லச் சொல்லுங்க.” அணிக்காரர்களுக்கு ரத்தம் கொதித்தது. கொலைக் கேசிலிருந்து தப்பிக்க, புறக்கணிப்பையே கொச்சைப்படுத்துகிறார்களே என்று கண்டனக் கூட்டம் போட்டார்கள். அப்பா தலைமை தாங்கினார்.

இதெல்லாம் ஒன்பது மாதமாக ஷீஜாவின் வயிற்றில் கிடந்தது. போனில் தேடிப் பார்த்தாள். பொய்ச் சாட்சிக்கு ஏழு வருசம். கொலைக்கு ஆயுள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கணக்கு அவள் பாடப் புத்தகத்தில் இல்லை. சொன்னால் அப்பா போவார், சொல்லாவிட்டால் பிரைட்டன் போவான்.

அப்பா கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, பன்னிரண்டு மணி தாண்டியும் அவளுக்குத் தூக்கம் இல்லை. உள்ளறையில் அப்பாவின் குறட்டை ஒரே சீராக வந்தது. அடுப்படியில் அம்மா, காலையில் அப்பா போட்டுப் போக வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, தூங்கலியா? நாளைக்கு டெஸ்ட்டு இருக்குன்ன.”

“எம்மா, ஒன்னு சொன்னா அடிக்க மாட்டியே.”

அம்மா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் முகம் வெளிறியதைப் பார்த்ததும், அம்மா வேறு எதற்கோ பயப்படுகிறாள் என்று ஷீஜாவுக்குப் புரிந்தது. “பையன் விசயம் இல்லம்மா” என்று முதலில் அதைச் சொல்லி முடித்தாள். பிறகு விறகுக் கொட்டகை, இரண்டு இலை, வாசலை மறைத்து நின்ற பிரைட்டன் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன.

அம்மா தேய்ப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

“கொழம்புல கத்திரிக்கா போட்டிருந்தாங்களா?”

“எம்மா.”

“போட்டிருந்தாங்களான்னு கேக்கேன்.”

“போட்டிருந்தாங்க.”

“நாப்பது வீட்டுப் படியேறி, திங்காதீங்கன்னு சொன்னவ நான். சாளைக் கொழம்ப வச்சுக்கிட்டு மூணு மணி வரைக்கும் பசியோட காத்துக் கெடந்தவ நான். இந்த மனுசன் வந்து, ‘லைப்ரரில நேரம் போனதே தெரியல ஜெயஷீலா’ங்காரு.” அம்மா மகள் பக்கம் திரும்பினாள். “நீயும் கூட உக்காந்து தின்னிருக்க.”

“பிரைட்டன் அண்ணன் உள்ள கெடக்குதேம்மா.”

அப்போதுதான் அம்மாவுக்கு அந்தப் பக்கம் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் காலையில் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வருகிற அற்புதமணியைப் பார்த்ததும் ஒன்பது மாதமாகத் தெருவின் மறுபக்கம் போனவள் அவள்.

“அப்பாவ ஜெயில்ல போட்ருவாங்களாம்மா?”

“தெரியல.”

“எழுப்பிக் கேப்பமா?”

“இப்ப எழுப்புனா விடியதுக்குள்ள பத்துக் காரணம் தயார் பண்ணிருவாரு. அவரு தூங்கட்டும்.” அம்மா சட்டையை மடித்தாள். “நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போக வேண்டாம்.”

“நான் என்னம்மா செய்யணும்?”

“ஒன்னும் பேசாண்டாம். அவரு பொய்யச் சொல்ல வாயத் தொறந்தா எந்திரிச்சு நில்லு. அது போதும்.”

“பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான் இருக்கு” என்றாள் அம்மா. அது ஷீஜாவுக்கு ஆறுதலாக இல்லை.

காலையில் பெர்சி காரோடு வந்தார். அணிக்காரர்கள் இன்னும் இரண்டு காரில். குடும்பமே சாட்சி சொல்வதைப் பார்க்க வருகிறது என்றதும் அப்பாவுக்குப் பெருமை. கோர்ட் வாசலில் பாலகணேஷ் மைக்கை நீட்டினான். “சார், அரசு தரப்பு ஆதாரம் எல்லாம் பலவீனம்னு நேத்து எங்க விவாதத்துல நாலுக்கு மூணு பேரு சொல்லிட்டாங்க. நீங்கதான் மிச்சம்.” உண்மைக்கு எண்ணிக்கை முக்கியமல்ல என்று அப்பா பதில் சொன்னார். நேயர்கள் பிறகு அதை நிறையப் பேருக்கு அனுப்பினார்கள்.

உள்ளே பிரைட்டன் கூண்டில் நின்றான். மெலிந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து வணக்கம் வைத்தான். அப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

சத்தியப் பிரமாணம் முடிந்தது. அரசு வக்கீல் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். “சம்பவத்தன்று மதியம் ஒன்றரை மணிக்கு எங்கே இருந்தீங்க?”

அப்பா தொண்டையைச் செருமினார். பதில் சொல்லுமுன் வகுப்பைப் பார்ப்பதுபோல் கடைசி பெஞ்சிலிருந்து கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தார். “நான் துறைமுக ரோட்டு…”

நாலாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

முப்பத்திரண்டு வருசத்தில் அவர் எதிரே பிள்ளைகள் எழுந்து நின்றது சந்தேகம் கேட்கத்தான், இல்லாவிட்டால் வெளியே போகத்தான். “உக்காரு” என்றார், தன்னை மறந்து. பெண் உட்காரவில்லை. அப்புறம்தான் அது யாரென்று பார்த்தார்.

ஷீஜா முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா அந்த வாக்கியத்தை முடித்துவிட்டால் உரக்கக் கத்துவாளா, மயங்கி விழுவாளா என்றும் தெரியாது.

“ஏம்மா, உக்காரு” என்றான் டவாலி. நீதிபதி நிமிர்ந்தார். “யார் அது?”

“எங்க மகதான்யா” என்றாள் ஜெயஷீலா, உட்கார்ந்தபடியே. “காலு மரத்துப் போச்சாம். நிக்கா.” சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நாற்பது வீட்டுப் படியும் இருந்தது.

அப்பா மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கூண்டுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. “ஐயா, அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேக்கச் சொல்லுங்க” என்றார்.

வக்கீல் கேட்டார்.

“நான் பஸ் ஸ்டாப்புல நிக்கல. எங்க சபை மண்டபத்துக்குப் பின்னால, வெறகுக் கொட்டகைல உக்காந்து அசனம் சாப்பிட்டுட்டு இருந்தேன். அந்தா நிக்கானே, பிரைட்டன், அவன்தான் வெளம்புனான்.”

“சார்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் அலறியது. பெர்சி. கொலை நடந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அதிர்ந்ததில்லை. டவாலி அவரை வெளியே கொண்டுபோனான்.

அரசு வக்கீல் இவரைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கக் கேட்டுக்கொண்டு, தானே குறுக்கு விசாரணை செய்தார். “இப்படி மாத்திச் சொல்ல எதிரித் தரப்புல ஒங்களுக்கு என்ன குடுத்தாங்க?”

“ரெண்டு தடவ கறி வச்சாங்க. அது அன்னைக்கு.”

“நேரம் எப்படி இவ்வளவு சரியாத் தெரியும்?”

“மூணு மணிக்குள்ள வீட்டுக்குப் போயி எங்க வீட்டுல வச்ச மீன் கொழம்பையும் சாப்பிடணும். இல்லன்னா சந்தேகம் வரும். கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். “மாஜிஸ்திரேட்கிட்ட சத்தியம் பண்ணி வேற சொல்லியிருக்கீங்க. அது என்ன?”

அப்பா அதற்கு ஒரு நல்ல வார்த்தை தேடுவது ஷீஜாவுக்குத் தெரிந்தது. அவருக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. கருத்து வேறுபாடு, ஞாபகப் பிசகு, சூழ்நிலை என்று எவ்வளவோ இருந்தன. வெயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளைபோல அவர் நெற்றி வியர்த்தது.

“பொய்ங்கய்யா” என்றார்.

ஷீஜா உட்கார்ந்தாள்.

வெளியே வந்தபோது மூன்று காரும் போய்விட்டிருந்தன. பாலகணேஷ் வாசலில் நின்று நேரலையில் பேசிக்கொண்டிருந்தான். இன்றைய தலைப்பு மாறிவிட்டது: புறக்கணித்த அணியில் கறி தின்றவர்கள் இன்னும் எத்தனை பேர்? கீழே கருத்துகள் குவிந்தன. ஒரு வீட்டுக்குக் கறி வாளியில் போனதாக ஒருவர் சொன்னார், இன்னொருவர் வாளியின் நிறத்தைச் சொன்னார். அருமைநாயகத்தை அப்படியானால் யார் குத்தியது என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அவரை எல்லாருமாகச் சேர்ந்து, தலைப்பை ஒட்டிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள்.

பிரைட்டனின் வக்கீல் வேகமாக வந்தார். “இன்னைக்கே ஜாமீன் மனு போட்ருவேன். வெளிய வந்துருவான் சார். ஆனா ஒங்க மேல பொய்ச் சாட்சி கேசு வரும் போல இருக்கு. நீதிபதி எழுதிக்கிட்டாரு.”

“வரட்டும்” என்றார் அப்பா. சொன்ன பிறகு அவர் கை ஷீஜாவின் தோளைத் தேடியது. அவளுக்குப் பழைய பயம் வேறு வழியாகத் திரும்ப வந்தது. அம்மா நாலடி தள்ளி அற்புதமணியின் பக்கம் போய் நின்றாள். அற்புதமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நகரவும் இல்லை.

போலீஸ்காரர்கள் பிரைட்டனை வேனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவைத் தாண்டும்போது அவன் நின்றான். அப்பா இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தார்.

“மன்னிச்சிருடே” என்றார்.

ஒன்பது மாதமாகப் பிரைட்டன் சொன்னதை யாரும் நம்பவில்லை. இனி ஒன்று விடாமல் சரியாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“சார், ரெண்டு தடவ இல்ல” என்றான். “மூணு தடவ வச்சேன்.”

வேன் கதவு சாத்திக்கொண்டது. அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, விட்டுப்போன அந்தப் பிழையைத் திருத்த மறுபடியும் கோர்ட்டுக்குள் போகத் திரும்பினார்.